தோள்கிணற்றில் இறங்கிய ஊசி

பெரிய டீச்சர் தன் தம்பி பெண்டாட்டியிடம் வைத்தியத்துக்கு வந்தார் என்றால், அவர் கழுத்து எந்த லட்சணத்தில் இருந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று நாளாகத் தலை இடப்பக்கம் மட்டும்தான் திரும்பியது. வலப்பக்கம் யாராவது கூப்பிட்டால், டீச்சர் உடம்போடு சேர்ந்து கதவு மாதிரி திரும்பினார்.

அந்தத் தம்பி பெண்டாட்டிக்கு ஊசிக்காரி என்று பெயர் வைத்ததே அவர்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், மருமகளாக வந்தவளின் தொழில் அக்குபஞ்சர் என்று தெரிந்த அன்றே வைத்தார். உயிரோடு இருக்கிறவர்களைக் குத்திக் கூலி வாங்குவதும் ஒரு பிழைப்பா என்று பத்துப் பேர் முன்னால் கேட்டார். நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் அதட்டி, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்ற குரல் அது. கேட்டால் கேட்டதுதான், பதிலுக்கெல்லாம் நிற்காது. ஊசிக்காரியும் பன்னிரண்டு வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு, சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஓட்டிவிட்டாள். நாத்தனாருக்கு முன்னால் வேறு என்ன செய்ய?

அன்றைக்கு டீச்சருக்கு வேறு வழியில்லை. மாலை நாலு மணிக்கு விமானம். ஐந்து மணி நேரப் பயணத்துக்கு அந்தப் பக்கம் ஒரே மகள், நிறைமாதம். குறித்த நாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. இரண்டு தடவை கடைசி மாதங்களில் குழந்தை கைநழுவிப் போய், இது மூன்றாவது. மருமகன் ராப்பகலாக ஷிப்ட் பார்க்கிறவன். "அம்மா, நீ வந்துட்டா எனக்குப் பயமில்ல" என்று மகள் ஒரு வாரமாகத் தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள். இதற்காகப் பெட்டி கட்டப் போய்த்தான் கழுத்தே பிடித்தது.

மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே முதல் மாடியில் ஊசிக்காரியின் அறை. இரண்டு கட்டில், நடுவே பச்சைத் திரை, சக்கரம் வைத்த ஒரு ஸ்டீல் மேஜை, பயன்படுத்திய ஊசி போட மஞ்சள் டப்பா, அவ்வளவுதான். கட்டிலின் தலைமாட்டில் முகம் வைக்க வட்டமாக ஓட்டை இருக்கும். டீச்சர் குப்புறப் படுத்து முகத்தை அதில் வைத்தார். வாயை மட்டும் வைக்கவில்லை. அது தரையைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தது.

இது எப்படி வேலை செய்கிறது, மந்திரமா மாயமா என்று கேட்டார். ஊசிக்காரி பொறுமையாகச் சொன்னாள். பழைய புத்தகங்கள் உடம்புக்குள் சக்தி ஓடும் பாதைகள் இருப்பதாகவும், அடைப்பு விழுந்த இடத்தை ஊசி திறந்துவிடுவதாகவும் சொல்லும். அவள் அதைப் படித்தவள்தான். ஆனால் வருகிறவர்களுக்கு அவள் சொல்வது வேறு. முடி மாதிரி மெல்லிய ஊசி உள்ளே போனதும் நரம்பு மூளைக்குத் தகவல் சொல்கிறது. மூளை தன்னிடமே இருக்கிற வலிமருந்தைக் கொஞ்சம் அவிழ்த்துவிடுகிறது. முறுக்கிக்கொண்ட தசை இளகுகிறது. கழுத்துவலி, முதுகுவலி, தலைவலிக்குப் பலருக்குக் கேட்கும். சிலருக்குக் குமட்டல் அடங்கும். சர்க்கரையை விரட்டுகிறேன், கட்டியைக் கரைக்கிறேன் என்று போர்டு மாட்டுகிறவனை நம்பக் கூடாது. இன்னொன்றும் ஒளிக்காமல் சொன்னாள்: போலி ஊசி வைத்துச் சோதித்தாலும் கொஞ்சம் பேருக்கு வலி குறையத்தான் செய்கிறது, அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

"அப்ப பாதி மனசுதான்னு நீயே ஒத்துக்கிற" என்றார் டீச்சர் தரையிடம்.

உண்மையைச் சொன்னால் கிடைக்கிற பரிசு இதுதான். ஊசிக்காரிக்குச் சுருக்கென்றது.

கழுத்தடியில் நாலு ஊசி, கையில் இரண்டு. அடுத்தது வலது தோளில், தோள்கிணறு என்கிற புள்ளி. கழுத்தின் அடிக்கும் தோள் நுனிக்கும் நட்டநடுவில், மேட்டின் மேல் ஒரு சின்னப் பள்ளம். கழுத்துப் பிடிப்புக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது, அதைவிடப் பொல்லாத இடமும் கிடையாது. ஏனென்றால் அந்தச் சதைக்குக் கீழே நுரையீரலின் நுனி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. படிக்கும்போது அவளுக்கு மண்டையில் அடித்துச் சொல்லிக்கொடுத்த விஷயம்: இடது கையால் அந்தச் சதையைப் பூனைக்குட்டியின் பிடரியைத் தூக்குவது போலத் தூக்கிப் பிடி; தூக்கிய சதைக்குள் மட்டும் சாய்வாகக் குத்து; குட்டை ஊசி; நகக்கண் ஆழம். பதினாறு வருஷத்தில் ஆயிரம் தோளில் அப்படித்தான் குத்தியிருக்கிறாள்.

டீச்சருக்கும் அப்படித்தான் முதலில் குத்தினாள்.

"ஒண்ணுமே தெரியலையே. குத்துனியா, இல்ல குத்துற மாதிரி நடிக்கிறியா? இதுக்குத்தானா இவ்வளவு அலட்டல்?"

பன்னிரண்டு வருஷம் அடக்கினது அந்த ஒரு நிமிஷத்தில் கைக்கு ஏறியது. இரு, தெரியவைக்கிறேன் என்று குட்டை ஊசியை உருவிப் போட்டாள். இடுப்புக்கு வைக்கிற நீள ஊசியை எடுத்தாள். டீச்சர் தலையைத் தூக்கப் பார்த்ததால் இடது கை அந்தத் தலையை அமுக்கிக்கொண்டிருந்தது. வலது கை மட்டும் ஊசியை நேராக இறக்கியது. மந்தமாக ஒரு கனம் இறங்கவேண்டும், நோயாளிக்கு அது தெரியவேண்டும், அதுவரை இறக்கினாள்.

"ஆங்... இப்பத் தெரியுது. கல்லு வச்ச மாதிரி இருக்குடி" என்றார் டீச்சர்.

ஊசிக்காரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இருபது நிமிஷம் கழித்து ஊசிகளை எடுத்தபோது டீச்சர் எழுந்து உட்கார்ந்து, தலையை வலப்பக்கம் திருப்பினார். திரும்பியது. இன்னொரு தடவை திருப்பினார். ஜன்னல் தெரிகிறது என்றார். பிறகு சின்னதாக, வறட்டு இருமல் ஒன்று இருமினார். இரண்டாவதும் இருமினார். அதைக் கவனித்திருக்கவேண்டியவள், "கைராசிக்காரிதாண்டி நீ" என்ற வார்த்தையில் மயங்கி நின்றாள். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தால் யார்தான் இருமலைக் கவனிப்பார்கள்? படி வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்தாள்.

பதினொன்றரைக்கு அடுத்த ஆள் வந்தாள். நாள் முழுக்கக் குனிந்து தைக்கிற தையற்காரி, தோள்வலி. ஊசிக்காரியின் இடது கை பழக்கதோஷத்தில் தானாகப் போய் அந்தத் தோள்சதையைத் தூக்கிப் பிடித்தது. பிடித்தபடியே அவள் நின்றுவிட்டாள்.

காலையில் இந்தக் கை எங்கே இருந்தது?

தலையில் இருந்தது. டீச்சரின் தலைமேல். சதையைத் தூக்கவேயில்லை. நீள ஊசி, நேராக, அதுவும் வற்றிய மனுஷியின் தோளில். அந்த உடம்பில் அந்த இடத்தில் சதை எவ்வளவு இருக்கும்? இரண்டு விரல் கனம்கூட இராது. அப்புறம் அந்த இருமல். கை வேர்த்து, தையற்காரியின் சதை விரலிலிருந்து வழுக்கியது. இன்றைக்கு முடியாது, தப்பாக நினைக்காதீர்கள் என்று தையற்காரியை எழுப்பி அனுப்பினாள். அவள் என்ன நினைத்தாளோ, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

நுரையீரலில் மயிரிழை ஓட்டை விழுந்தால் உடனே ஒன்றும் தெரியாது. மூச்சுக்கு மூச்சு காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, நெஞ்சுக்கூட்டுக்குள் தங்கி, நுரையீரலை அமுக்கும். பல பேருக்குத் தானாகவே ஆறிவிடும். தரையில் இருந்தால். விமானத்தில் மேலே போகப் போகச் சிக்கிய காற்று ஊதிப் பெருக்கும். அங்கே கதவைத் திறந்து இறங்க முடியாது.

போன் போட்டாள். மூன்றாவது தடவைதான் டீச்சர் எடுத்தார். மூச்சு வாங்குகிறதா என்று கேட்டதற்கு, பெட்டியைத் தூக்கி இறக்கினால் யாருக்குத்தான் வாங்காது என்றார். நெஞ்சில் பிடிக்கிறதா என்று கேட்டாள். வலது தோள்பட்டைக்குப் பின்னால் லேசாகக் குத்துகிறது, எல்லாம் நீ குத்தினதுதானே என்று சிரித்தார். சிரிப்பின் நடுவில் இருமினார். விமானத்தில் ஏறவேண்டாம் என்று இவள் ஆரம்பிப்பதற்குள், வண்டி வந்துவிட்டது என்று வைத்துவிட்டார். அதற்கப்புறம் எடுக்கவேயில்லை.

வண்டியை ஓட்டியது ஊசிக்காரியின் புருஷன்தான். லிப்ட் மெக்கானிக். அக்கா என்றால் இன்றைக்கும் எழுந்து நிற்கிற தம்பி. விமான நிலையத்தில் அக்காவை இறக்கிவிட்டு அவனே கூப்பிட்டான். ஊசிக்காரி விஷயத்தைச் சொன்னாள். உனக்கு நிச்சயமாகத் தெரியுமா என்றான். தெரியாது என்றாள். அப்படியென்றால் சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்காதே. இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவள் அங்கே வழி பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீ சந்தேகத்தில் நிறுத்தி ஒன்றுமில்லை என்று ஆனால் அக்கா உன்னை ஜென்மத்துக்கும் மன்னிக்காது. இருக்கிறது என்று ஆனால் நாளைக்கு உன் அறைப் படியில் யார் ஏறுவார்கள் என்று கேட்டான். அவன் கேட்டதில் தப்பே இல்லை. அதுதான் கொடுமை.

ஊசிக்காரி கதவைப் பூட்டிவிட்டு டாக்சி பிடித்தாள்.

வழி முழுக்க அவளுக்கு இரண்டு மனசு. ஒன்றுமே இருக்காது, பதினாறு வருஷக் கை, அவ்வளவு ஆழம் போயிருக்காது என்று ஒன்று. கிண்டல் பண்ணினதற்காகக் குத்தினாயே, நீயெல்லாம் வைத்தியக்காரியா என்று இன்னொன்று. சிக்னலில் வண்டி நின்றபோதெல்லாம் தன் தோளைத் தானே கிள்ளித் தூக்கி, விரலால் ஆழம் பார்த்தாள். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார். எனக்கில்லை என்றாள்.

விமான நிலையத்தில் பெட்டி போடுகிற வரிசை வளைந்து வளைந்து நின்றது. டீச்சர் நடுவில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பெட்டி, ஒரு கைப்பை. முகம் கொஞ்சம் வெளுத்திருந்த மாதிரி இருந்தது. வெளுத்திருந்ததா, தன் பயம்தான் அப்படிக் காட்டுகிறதா என்று இவளுக்குத் தெரியவில்லை. அவர் பெட்டியை ஓரடி தள்ளினார், நின்றார், வாயைத் திறந்து மூச்சு விட்டார். அடுத்த அடி தள்ளினார்.

இவளைப் பார்த்ததும் டீச்சர் எதையாவது மறந்து வைத்துவிட்டேனா என்று கேட்டார். ஊசிக்காரி பக்கத்தில் போய்த் தணிந்த குரலில் சொல்ல ஆரம்பித்தாள். ஊசி, ஆழம், நுரையீரல், காற்று. டீச்சர் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். கழுத்து இப்போது ஜம்மென்று திரும்புகிறது, நீதான் சரி பண்ணினாய், இப்போது நீயே வந்து கெடுக்காதே, மகள் காத்துக்கொண்டிருக்கிறாள் என்றார். வரிசை நகர்ந்தது. இன்னும் நாலு பேர்.

"அண்ணி, நீங்க கிண்டல் பண்ணீங்க. அந்த வீம்புல நீள ஊசிய எடுத்து ஆழமாக் குத்திட்டேன். தெரியாமப் பண்ணல. வேணும்னே பண்ணேன்."

டீச்சர் அவளைப் பார்த்தார். நாற்பது வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகளின் பொய்யைக் கண்டுபிடித்த பார்வை. இது பொய்யில்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவர் பெட்டியைத் தள்ளினார்.

"நான் போயே ஆகணும்டி. என்ன ஆனாலும் சரி."

இன்னும் இரண்டு பேர். ஊசிக்காரி வரிசையை விட்டு விலகி நேராகக் கவுண்டருக்குப் போனாள். அங்கே உட்கார்ந்திருந்த பெண் வரிசையில் வரச் சொல்லிக் கையைக் காட்டினாள். ஊசிக்காரி அதைக் கேட்கவில்லை. குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்தது.

"அந்தம்மாவ ஏத்தாதீங்க. அவங்க நுரையீரல்ல நான் ஊசி குத்திட்டேன்."

யாரோ கைப்பேசியை உயர்த்தினார்கள். குத்தினாளா, எதற்குக் குத்தினாள், போலீசைக் கூப்பிடு என்று பின்னால் ஒரு குரல். காவலர் இரண்டு பேர் வந்து ஊசிக்காரியின் பக்கத்தில் நின்றுகொண்டார்கள். டீச்சர் இருந்த இடத்திலேயே நின்றார். தன்னை அத்தனை பேர் திரும்பிப் பார்த்தது அவருக்குப் பள்ளிக்கூட மேடையில் பழகினதுதான், ஆனால் இப்படி இல்லை. மானம் போனது யாருக்கு என்று கேட்டால் இரண்டு பேருக்கும்தான்.

கவுண்டர்ப் பெண் கூப்பிட்டு வந்த விமான நிலையத்து டாக்டர் இளைஞர். டீச்சரை நாற்காலியில் உட்காரவைத்து முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். இடப்பக்கம் கேட்டார், வலப்பக்கம் கேட்டார், மறுபடி வலப்பக்கம் மேலே வைத்து வெகுநேரம் கேட்டார். அந்த நேரத்தில் ஊசிக்காரி ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வேண்டுதலை ஒரே மூச்சில் வேண்டினாள். ஒன்றும் இருக்கக் கூடாது. இத்தனை அவமானத்துக்குப் பிறகு ஒன்றும் இல்லாமலும் போகக் கூடாது. இரண்டாவதை நினைத்ததற்காகத் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. டாக்டர் குழாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மேல்பக்கம் சத்தம் குறைவாக இருக்கிறது, எக்ஸ்ரே பார்க்காமல் பறக்க முடியாது என்றார்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். வலது நுரையீரல் மேலே ஒரு விரல்கனம் சுருங்கி, அந்த இடத்தில் கறுப்பாகக் காற்று. சின்னதுதான், காற்றை எடுக்க நெஞ்சில் குழாய் போடவேண்டியதில்லை, ஆக்ஸிஜன் வைத்து ஒரு நாள் பார்க்கலாம், தானே ஆறும், ஆனால் சில வாரத்துக்கு விமானம் கூடாது என்றார் பெரிய டாக்டர். இதோடு ஏறியிருந்தால் என்று ஆரம்பித்து, டீச்சரின் முகத்தைப் பார்த்து அந்த வாக்கியத்தை விட்டுவிட்டார். குத்தியது யார் என்று கேட்டார். நான்தான் என்றாள் ஊசிக்காரி. அவர் ஊசியின் நீளம், இடம், நேரம் கேட்டு எழுதிக்கொண்டார். எழுதினதை அவள் உரிமம் தந்த சபைக்கு அனுப்புவார்கள் என்று அவளுக்குத் தெரியும். தன் பெயரைத் தானே எழுத்துக்கூட்டிச் சொன்னாள்.

மூன்றரை மணிக்கு டீச்சர் கட்டிலில் சாய்ந்திருந்தார், மூக்கின் மேல் முகமூடி. ஊசிக்காரியின் புருஷன் செய்தி கேட்டு வந்து, மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். டீச்சர் திட்டினால் தேவலை. திட்டாத நாத்தனாரை ஊசிக்காரி அன்றைக்குத்தான் பார்க்கிறாள். கட்டிலுக்குப் பக்கத்தில் அந்த இரண்டு பெட்டி சுவரைப் பார்த்து நின்றன. நாலு மணி ஆனதும் டீச்சரின் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போய், அங்கேயே நின்றது. ஊசிக்காரி நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள்.

அப்புறம் டீச்சர் முகமூடியைத் தாடைக்கு இறக்கினார்.

"நாளைக்குக் காலை விமானத்துல நீ போ."

ஊசிக்காரிக்குப் புரியவில்லை. எங்கே என்று கேட்டாள்.

"பிரசவத்துக்குத்தான். பெட்டி கட்டித்தான் இருக்கு."

ஊசிக்காரி வாய் குழறினாள். நான் எப்படி, இந்தக் கையை நம்பி எப்படி, அவளுக்கு அம்மாதானே வேண்டும், வேறு யாராவது, சொந்தத்தில் எத்தனையோ பேர் என்று என்னென்னவோ சொன்னாள். டீச்சர் கண்ணை மூடிக் கேட்டார். மூச்சு சேரும்வரை பொறுத்துப் பேசினார்.

"முதல் தடவையும் நான் அங்கதான் இருந்தேன். குழந்தை அசையலம்மான்னு அவ சொன்னா. தூங்குதுடி, பயப்படாதன்னு சொன்னேன். ரெண்டாந்தடவை அவ மாமியார் சொன்னாங்க. எல்லாருமே ஒண்ணுமில்லன்னுதான் சொன்னோம்." கண்ணோரத்து நீர் முகமூடியின் ரப்பரில் இறங்கியது. "சந்தேகம்னா நீ சும்மா இருக்க மாட்ட. ஊரைக் கூட்டிட மாட்டியா நீ? எனக்கு அந்த மாதிரி ஒருத்தி அங்க வேணும்."

இதை டீச்சர் யாரிடமும் சொன்னதில்லை. தம்பிக்குக்கூடத் தெரியாது. ஊசிக்காரி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தாள். டீச்சர் கையால் போனைக் காட்டினார். மன்னிக்கிற பேச்சே அங்கே இல்லை.

ஊசிக்காரி டீச்சரின் மகளைக் கூப்பிட்டாள். அம்மா கிளம்பிவிட்டாளா என்றுதான் அந்தப் பெண் எடுத்ததும் கேட்டாள். ஊசிக்காரி எதையும் பூசி மெழுகவில்லை: உன் அம்மாவுக்கு ஆபத்தில்லை, ஆனால் பறக்க முடியாது, காரணம் நான், நாளைக்கு நான் வருகிறேன். அந்தப் பக்கம் அழுகை கேட்டது. அழட்டும் என்று விட்டாள். டீச்சர் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அழுகை கொஞ்சம் ஓய்ந்ததும் ஊசிக்காரி கேட்டாள்: "குழந்தை இன்னைக்கு எத்தனை தடவை அசைஞ்சுது?"

"எண்ணலையே அத்தை. காலையில அசைஞ்சுதுன்னு நினைக்கிறேன். அப்புறம் அம்மா வர்றாங்கன்னு வீட்டைக் கூட்டிட்டு இருந்தேன்..."

"இடப்பக்கமா ஒருக்களிச்சுப் படு. இப்ப எண்ணு, பத்து அசைவு வரணும். நான் லைன்லயே இருக்கேன்."

போனை ஒலிபெருக்கியில் போட்டுக் கட்டிலின் மேல் வைத்தாள். அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது, தலையணை சரிந்தது, பிறகு சத்தமில்லை. ஒரு நிமிஷம் போனது. மூன்று நிமிஷம் போனது. டீச்சரின் கை தேடிவந்து ஊசிக்காரியின் மணிக்கட்டை, வலிக்கிற அளவுக்கு, பிடித்துக்கொண்டது. ஏழாவது நிமிஷம் வரை ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொல்ல ஊசிக்காரி வாயைத் திறந்தாள்.

"அத்தை" என்றது போன். "ஒண்ணு."

டீச்சர் பிடியை விடவில்லை. இன்னும் ஒன்பது எண்ணவேண்டும் என்று ஊசிக்காரி சொன்னாள், மூன்று பேரும் காத்திருந்தார்கள்.